சிவப்பு மை படாத பக்கங்கள்

சதுரங்கப்பட்டினம்
4 ஜனவரி 2025

பிரிசில்லாவுக்கு,

உன் கைபேசிக்கு ஏழு முறை அழைத்தேன். நீ எடுக்கவில்லை. எட்டாவது முறை அழைப்பது என் வழக்கம் இல்லை. அதனால் உன் பதிவுப் படிவத்தில் இருந்த கருங்குழி முகவரிக்கு எழுதுகிறேன்.

உன் பல்கலைக்கழகத்தின் ‘ஆய்வுத் துணை’ திட்டத்தில் என்னை உனக்கு ஒதுக்கினார்கள். நெறியாளர் வேறு, துணை வேறு. மாதம் ஒருமுறை உன்னைச் சந்திப்பது, நீ எழுதியதைப் படித்துத் திருத்தித் தருவது, இவ்வளவுதான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியையான என் வேலை. இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணி என்பது நீ கேட்டு நான் ஒப்புக்கொண்ட நேரம். செப்டம்பர் தொடங்கி நான்கு சனிக்கிழமைகள் நீ வரவில்லை. வர முடியாது என்று சொல்லவும் இல்லை.

ஆகஸ்ட் 28 அன்று உன் மூன்றாம் அத்தியாயத்தை விரைவு அஞ்சலில் திருப்பி அனுப்பினேன். பெற்றுக்கொண்ட கையெழுத்து உன்னுடையதுதான். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு சொல் இல்லை. இந்த ஊரிலிருந்து மாமல்லபுரம் வரை இருபத்து நான்கு கிணறுகளில் மாதாமாதம் உப்பு அளந்துவந்தாய். நீ இங்கே விட்டுப்போன மீட்டர் என் அலமாரியில் கிடக்கிறது. சென்ற ஆண்டு ஜனவரியில் ஆரம்பித்த அளவுகள் ஆகஸ்டோடு நின்றுவிட்டன. ஆய்வேட்டைக் கொடுக்க மார்ச் 31 கடைசி நாள் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய்.

டிசம்பர் முதல் வாரத்தில் உன்னைப் பற்றிய ஆண்டறிக்கையைக் கேட்டார்கள். அனுப்பிவிட்டேன்.

உடம்பு சரியில்லை என்றால் சொல். வீட்டில் ஏதாவது என்றால் அதையும் சொல்லலாம். காரணம் தெரியாமல் ஒருவரைக் காத்திருக்க வைப்பது நல்ல பழக்கம் அல்ல.

சியாமளா வரதன்


கருங்குழி
19 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய மேடம்,

உடம்பு நன்றாக இருக்கிறது. வீட்டிலும் எல்லாரும் நலம். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், பொத்தேரியில் இருந்த அறையைக் கிறிஸ்துமஸுக்கு முன்பே காலி செய்துவிட்டேன். மதுராந்தகம் பக்கத்தில் ஒரு கேன் தண்ணீர் கம்பெனியில் இந்த மாதம் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். கதவில் ஆய்வகம் என்று எழுதியிருக்கும். உள்ளே ஒரு மேசை, ஒரு மீட்டர், நான்.

காரணம் கேட்டீர்கள். எழுதுகிறேன்.

என் முதல் அத்தியாயத்தில் நீங்கள் 212 இடங்களில் சிவப்பு மையால் திருத்தியிருந்தீர்கள். எண்ணினேன். இரண்டாவதில் 140. மூன்றாவது அத்தியாயம் 64 பக்கம். அதில் ஒரு புள்ளிகூட இல்லை. முதல் பக்கத்தில் இல்லை, கடைசிப் பக்கத்தில் இல்லை, உறைக்குள் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. நான் குத்திக்கொடுத்த ஸ்டேப்ளர் பின்கூடக் கழற்றப்படாமல் அப்படியே இருந்தது.

அறையில் கூட இருந்த கீர்த்தனா வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். “படிக்கவே இல்லடி. பேஜாராப் போயி அப்டியே திருப்பி அனுப்பிட்டாங்க. நீ இன்னான்னா இதப் புடிச்சிகினு பக்கம் பக்கமா தேடிகினு கீற!” என்றாள்.

என் நெறியாளருக்கு ஒன்பது மாணவர்கள். அவர் கையெழுத்துப் போடுவார், படிக்க நேரம் இல்லை. நான் எழுதியதை முழுதாகப் படித்த ஒரே ஆள் நீங்கள் என்று நினைத்திருந்தேன். நீங்களும் என்னைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று முடிவுசெய்தேன். மீட்டரை வாங்க உங்கள் வாசலுக்கு வந்து நிற்க மனம் வரவில்லை. அதனால் அளவுகள் நின்றன. அது என் தப்பு. அதை மறைக்கவில்லை.

ஆனாலும் விட்டுவிடவில்லை. ஏப்ரலிலும் மேயிலும்தான் கிணறுகள் அதிகம் உப்பாகும், ஒரு கோடையை வைத்து எதையும் சொல்ல முடியாது, இரண்டு கோடை வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அந்த இரண்டாவது கோடைக்காக ஆறு மாதம் நீட்டிப்புக் கேட்டு நவம்பரில் விண்ணப்பித்தேன். டிசம்பர் 20-ஆம் தேதி பதில் வந்தது. நீட்டிப்பு இல்லை. காரணம் ஒரே வரி: ஆய்வுத் துணையின் அறிக்கை சாதகமாக இல்லை.

என்ன எழுதினீர்கள், மேடம்?

இப்படிக்கு,
பிரிசில்லா


சதுரங்கப்பட்டினம்
24 ஜனவரி 2025

பிரிசில்லா,

உன் கடிதம் நேற்றுப் பகல் வந்தது. இதற்குள் மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் என்னை நியாயப்படுத்திக்கொண்டிருந்தேன்.

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நான் எழுதிய வாக்கியம் இது: ‘மாணவியிடம் தொடர்ச்சியும் ஈடுபாடும் இல்லை, இவருக்குக் கூடுதல் காலம் தருவதால் பயன் விளையும் என்று தோன்றவில்லை.’ நீ நீட்டிப்புக் கேட்டிருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைய மனநிலையில் இதையேதான் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

இனி அந்த 64 பக்கங்கள். நான் படித்த கான்வென்டில் பிழையை மட்டுமே குறிப்பார்கள். பாராட்டு என்பது அந்த சிஸ்டர்களின் வாயில் வராது. சிவப்பு மை படாமல் ஒரு பக்கம் திரும்பி வந்தால் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவோம். பன்னிரண்டு ஆண்டுகளில் எனக்கு அப்படி வந்தவை மொத்தம் ஒன்பது பக்கங்கள். முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். நானும் அப்படியேதான் திருத்தினேன். 64 பக்கமும் குறியில்லாமல் நான் யாருக்கும் திருப்பித் தந்ததில்லை. உனக்குத் தந்தேன். உறையை ஒட்டும்போது, இந்தப் பெண் இதைப் பிரித்ததும் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன்.

மூன்று முறை படித்தேன். 38-ஆம் பக்கத்தில் பொன்னி என்ற மீனவப் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறாய். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாமல் போனதை வைத்தே, உன் மீட்டர் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் அவள் கிணற்றை விட்டுவிட்டாள் என்று. அந்தப் பத்தியில் ஒரு சொல்லை மாற்றலாமா என்று பேனாவை எடுத்தேன். மாற்ற ஒன்றும் இல்லை. மூடி வைத்தேன்.

என் கணவர் வரதன் தினமும் மாலையில் காபி போட்டுத் தருவார். நாற்பத்தொரு ஆண்டுகளில், சர்க்கரை கூடிப்போன நாட்களில் மட்டும்தான் அந்தக் காபியைப் பற்றி நான் பேசியிருக்கிறேன். அவர் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இது உன் கடிதத்துக்குச் சம்பந்தம் இல்லாதது. ஆனால் நேற்றிலிருந்து இதுதான் மனத்தில் இருக்கிறது.

நீயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை. ஆனால் கேட்கக்கூடிய ஆளாக நான் நடந்துகொண்டேனா?

நீட்டிப்பை முடிவுசெய்யும் ஆய்வுக் குழுவுக்கு எழுதி என் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். நீ அனுமதித்தால் கருங்குழிக்கு வந்து உன்னை நேரில் பார்க்கிறேன்.

சியாமளா வரதன்


கருங்குழி
6 பிப்ரவரி 2025

மேடம்,

வர வேண்டாம்.

மூன்று முறை படித்தேன் என்கிறீர்கள். அதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? ஓரத்தில் ‘சரி’ என்று இரண்டெழுத்து எழுத எவ்வளவு மை செலவாகும்?

உங்கள் பள்ளியைப் பற்றிச் சொன்னீர்கள். என் பள்ளியைப் பற்றி நானும் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் ஒரு ஆசிரியர் இருந்தார். காலனியிலிருந்து வரும் நாங்கள் ஏழு பேர் கடைசி வரிசை. எல்லாருடைய நோட்டும் அவர் மேசைக்குப் போகும். எங்களுடையது போகாது. “அதுங்க அங்கியே இருக்கட்டும்” என்பார். முன்வரிசைப் பிள்ளைகள் தப்பு விழுந்த இடத்தைப் பார்த்து அழுவார்கள். எனக்கு ஒரு தப்பாவது விழாதா என்று இருக்கும். ஒருநாள் நானே சிவப்புப் பேனாவால் என் நோட்டில் இரண்டு கோடு போட்டு வீட்டில் காட்டினேன். அப்பாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்கத் தெரியும். அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்தார். “சாரு பாத்துட்டாரா? நல்லா பாத்துகிறாரு” என்றார்.

அதனால்தான் 212 திருத்தம் வந்தபோது நான் அழவில்லை. அத்தியாயத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். அப்பா அப்போது கம்பெனி கேட்டில் வாட்ச்மேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் காட்டினேன். “எத்தினி சேப்பு! யாரும்மா இது, இவ்ளோ பொறுமையா?” என்றார். உங்கள் பெயரைச் சொன்னேன். அன்றிலிருந்து ஞாயிறு ஜெபத்தில் உங்கள் பெயரையும் சொல்வார். இப்போதும் சொல்கிறார். நிறுத்தச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்புறம் அந்த 64 பக்கம் வந்தது. தொடாத நோட்டு.

மழைக்கால அளவுகள் போனது போனதுதான். அந்த மழை திரும்பி வராது. நீங்கள் அறிக்கையைத் திரும்பப் பெற்றாலும் பெறாவிட்டாலும் இனி என்ன? என்னை விட்டுவிடுங்கள்.

பிரிசில்லா


சதுரங்கப்பட்டினம்
3 மார்ச் 2025

பிரிசில்லா,

நீ வேண்டாம் என்றதால் கருங்குழிக்கு வரவில்லை. விட்டுவிடச் சொன்னாய். அதை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை. பதில் எழுதாவிட்டாலும் இதைப் படி.

குழுவுக்கு அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதனால் பிப்ரவரி 20 அன்று பொத்தேரிக்குப் போனேன். தாமோதரன்தான் குழுவின் தலைவர். முப்பது வருஷத்துக்கு முன் ஒரு தேர்வுப் பணியில் அவருடைய தவறு ஒன்றை நான் எல்லார் முன்னிலும் சுட்டிக்காட்டியிருக்கிறேன். அவரும் மறக்கவில்லை. என் அறிக்கையை எடுத்து நீட்டினார். “மேடம், இது நீங்க எழுதினதுதானே? கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க, எல்லாரும் கேக்கட்டும்” என்றார். வாசித்தேன். “அப்ப இது பொய்யா?” என்றார். ஒரு அறிக்கையில் பொய் எழுதுபவள் அல்ல நான் என்று சொல்ல வாயெடுத்தேன். “காரணத்தை விசாரிக்காமல் எழுதியது. பொய்யைவிட இது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன்” என்றேன். உன் மூன்றாம் அத்தியாயத்தை மேசையில் வைத்து, என் பணிக்காலத்தில் நான் படித்த மாணவர் எழுத்தில் இதுதான் சிறந்தது என்றேன். இப்படிச் சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை.

மழைக்கால இடைவெளியை ஆய்வேட்டில் மறைக்காமல் சொல்லிவிட்டு, இரண்டு கோடைகளை மட்டும் ஒப்பிட்டுக்கொள்ளலாம் என்றார்கள். செப்டம்பர் 30 வரை காலம் தருவார்கள். மார்ச் 31-க்குள் நீ புதிதாக விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதில் உன் கையெழுத்து வேண்டும். அது என் கையில் இல்லை. படிவம் உள்ளே இருக்கிறது.

நீ முடிவெடுப்பதற்குள் மாதங்கள் போய்விடக் கூடாது என்று நேற்றும் முந்தாநாளும் உன் மீட்டரை எடுத்துக்கொண்டு இருபத்து நான்கு கிணறுகளுக்கும் போய் அளந்துவிட்டேன். சின்னையனின் ஆட்டோவில்தான். “ஏம்மா, மூடி போடாத பாட்டில வெச்சிகினு வந்தா வண்டியெல்லாம் உப்புத் தண்ணி. துருப்புடிச்சா நீயா பெயிண்டு அடிச்சிக் குடுப்ப?” என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒன்பதாம் கிணற்றில் பொன்னியைப் பார்த்தேன். நீ எழுதியதுபோலவே இருந்தாள். “இன்னா டீச்சரம்மா, நீ வந்துகீற? அந்தப் பொண்ணு இன்னா ஆச்சி?” என்றாள். நான் பாட்டிலைத் துடைக்க ஆரம்பித்தேன். “இன்னா, சண்டையா?” என்றாள். ஆமாம் என்றேன். “தப்பு யாருது?” என்னுடையது என்றேன். “அதான் இந்த வெயில்ல நீ அலையுற. குடு வாளிய, குனிஞ்சி வுழுந்து வெக்காத” என்று வாங்கி இறைத்துக்கொடுத்தாள்.

பதினேழாம் கிணறு என் வீட்டினுடையது. இந்த வீட்டிலும் மூன்று வருஷமாகப் பருப்பு சரியாக வேகவில்லை. நான் மளிகைக் கடைக்காரரைத் திட்டி, கடையையே மாற்றினேன். உன் அத்தியாயத்தை மூன்று முறை படித்த பிறகும் அது என் கிணற்றைப் பற்றியது என்று எனக்கு உறைக்கவில்லை.

அளவுத் தாள்களை இணைத்திருக்கிறேன். திருத்தித் தா.

சியாமளா


கருங்குழி
16 மார்ச் 2025

மேடம்,

உங்கள் தாள்களை மதுராந்தகத்தில் சிவப்புப் பேனா வாங்கித் திருத்தினேன். 61 இடம்.

வாளியில் வந்த முதல் தண்ணீரை எடுத்திருக்கிறீர்கள். மேலே கிடந்த தண்ணீர் அது. மூன்று வாளி இறைத்துக் கொட்டிவிட்டு, நான்காவதைத்தான் அளக்க வேண்டும். காலையில் மீட்டரைச் சரிபார்த்தீர்களா இல்லையா என்று எழுதவில்லை. கைப்பம்பு போட்ட கிணறுகளில் எத்தனை நிமிடம் அடித்தீர்கள் என்பதும் இல்லை. பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை கழுவ வேண்டும். வேதியியல் படித்தவருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்ச் அளவுகள் எதுவும் செல்லாது.

ஏப்ரல் செல்லும், சரியாகச் செய்தால். வடக்கே ஒன்று முதல் பன்னிரண்டு வரை நான் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமைகளில் கம்பெனி மீட்டரை இரவல் கேட்டிருக்கிறேன். மிச்சப் பன்னிரண்டும் உங்களுடையது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

கீர்த்தனா இன்னும் துறையில்தான் இருக்கிறாள். குழு உங்களை விசாரித்த அன்று கதவுக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள். “சேர் போட்டாங்கடி, அந்தம்மா உக்காரவே இல்ல. நின்னுகினேதான் படிச்சாங்க.” என்று போனில் சொன்னாள். இதை நீங்கள் எனக்கு எழுதவில்லை.

மன்னிப்பைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். எனக்கே தெரியாததை எழுத முடியாது. ஏப்ரல் தாள்களை அனுப்புங்கள்.

பிரிசில்லா


சதுரங்கப்பட்டினம்
18 மே 2025

அன்புள்ள பிரிசில்லா,

செப்டம்பர் வரை நீட்டிப்புத் தந்த ஆணையின் நகல் எனக்கும் வந்தது. தாமோதரன் அதில் ஒரு காற்புள்ளியைத் தப்பாகப் போட்டிருக்கிறார். இந்த முறை நான் ஒன்றும் சொல்லவில்லை.

நீ சனிக்கிழமைகளில் வந்துபோவது பொன்னி சொல்லித் தெரியும். அவளைப் பார்க்கத்தான் இடையிடையே அந்தப் பக்கம் போகிறேன். “வந்துட்டுத்தான் போச்சி. உன் வூட்டாண்ட வரல. இப்ப வராது, சும்மா சும்மா வந்து கேக்காத” என்றாள். கேட்பதை நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் தாள்கள் போன வாரம் திரும்பி வந்தன. என் பன்னிரண்டு கிணறுகள், பன்னிரண்டு தாள்கள். பதினொன்றில் திருத்தம் போட்டிருக்கிறாய். இருபதாம் கிணற்றில் நேரத்தைக் குறிக்க மறந்தது உண்மை. இருபத்து மூன்றில் என் ஏழு ஒன்றைப்போல் இருக்கிறது என்பதும் சரிதான். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு மே மாத அளவுகளை எடுத்தேன். அவையும் இத்துடன் இருக்கின்றன.

பதினேழாம் தாள்தான் நான் கேட்க வந்தது. என் வீட்டுக் கிணறு. அதில் எண்களுக்குக் கீழே, குறிப்பு என்ற இடத்தில், தண்ணீரைப் பற்றி இல்லாத நான்கு வரிகளை எழுதியிருந்தேன். அறிக்கையில் தொடர்ச்சி இல்லை, ஈடுபாடு இல்லை என்று நான் எழுதியது உன் வேலையைப் பார்த்து அல்ல. செப்டம்பர், அக்டோபர், நவம்பர் இரண்டாம் சனிக்கிழமைகளில் இரண்டு கப்புகளை எடுத்து வைத்துவிட்டுப் பகல் ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். வரதன் போன பிறகு இந்த வீட்டுக்குச் சொன்ன நேரத்தில் வந்த ஒரே ஆள் நீ. வராமல்போனதை என்னால் தாங்க முடியவில்லை. தாங்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்ளத் தெரியாமல், அதற்கு ஈடுபாடு இல்லை என்று பெயர் வைத்து, கையெழுத்திட்டு அனுப்பினேன். உன் நீட்டிப்பை அப்படித்தான் கெடுத்தேன். குழுவின் முன்னால் நான் சொல்லாமல் விட்டது இதுதான். இதைத்தான் அந்த நான்கு வரிகளில் சுருக்கி எழுதியிருந்தேன்.

அந்தத் தாளில் சிவப்பு மை இல்லை. எண்களின் மேலும் இல்லை, அந்த வரிகளின் மேலும் இல்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உறையைக் கிழித்து உள்ளேயும் பார்த்துவிட்டேன்.

காலையிலிருந்து அதை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

படித்தாயா, பிரிசில்லா?

சியாமளா